கிளினிக்கில் மட்டும் நேராக நிற்கும் கண்: விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண், ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து வயதுச் சிறுமி. சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் கே1 வகுப்பு படிக்கிறாள். புங்கோல் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. பிரசவம், எடை, வளர்ச்சி எல்லாம் இயல்பு. வீட்டில் வேறு யாருக்கும் மாறுகண் கிடையாது. அப்பா, அம்மா இருவருமே கண்ணாடி போடுகிறவர்கள். பலதுறை மருந்தகத்திலிருந்து (அரசு வட்டார மருந்தகம்) வந்த பரிந்துரைக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: இடது கண் அவ்வப்போது வெளிப்பக்கம் போவதாகத் தாய் சொல்கிறார், பரிசோதனையில் தெரியவில்லை.

கடிதத்தின் பின்பாதியைப் படித்துவிட்டு 'தாய் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்' என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வகை மாறுகண்ணின் குணமே அதுதான். மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் கண் சமர்த்தாக நேராக நிற்கும். வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் பக்கம் வெறித்துப் பார்க்கும்போது நழுவும்.

(குடும்பத்தின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண்ணை அளந்து மருத்துவருக்குச் சொல்வது என் வேலை. அறுவை சிகிச்சை செய்தவர் எங்கள் சிறார் கண் மருத்துவர்.)

வீட்டில் நடந்தது

அம்மா முதலில் கவனித்தது நான்கு வயதில். மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் நேரம், தூக்கம் சொக்கும் நேரம், காய்ச்சல் அடிக்கும் நாட்கள் ஆகிய சமயங்களில் இடது கண் மெல்ல வெளியே ஒதுங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தடவை இமைத்துவிட்டு நேராகிவிடும். விளையாட்டுத் திடலில் வெயில் முகத்தில் அடித்தால் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கண் கூசுகிறது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அப்பாயிக்கு வேறு கருத்து. "மாறுகண்ணு அதிர்ஷ்டம்மா. வைத்தியம் பாக்குறேன்னு கெடுத்துப்புடாதீங்க." அப்பாவோ, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். பாலர் பள்ளியில் நடந்த பார்வைச் சோதனையிலும் பிள்ளை தேறிவிட்டாள். அதில் வியப்பில்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்தைப் படிக்கும் சோதனை அது. இரண்டு கண்ணும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று அது கேட்பதே இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மிகச் சாதாரணம். சோம்பேறிக் கண் என்பது பார்வைக் கூர்மை வளராமல் போவது. மாறுகண் என்பது கண் நிற்கும் திசை தவறுவது. உள்பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடும் மாறுகண்ணில் ஒன்று மற்றதைக் கூட்டிக்கொண்டு வரலாம். விட்டுவிட்டு வெளியே போகும் கண்ணோ நாளில் பெரும்பகுதி நேராக நின்று வேலை செய்கிறது. அதனால் அதில் பார்வை மங்குவது குறைவு. இந்தச் சிறுமிக்கும் இரு கண்ணிலும் பார்வை ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது.

அம்மா கைப்பேசியை நீட்டினார். "அக்கா, இதை மட்டும் பாருங்க, நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க." பிறந்தநாள் படம், கேக்குக்குப் பின்னால் சிறுமி. ஃபிளாஷ் வெளிச்சம் இரு கண்ணிலும் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது. வலது கண்ணில் அந்தப் புள்ளி கருவட்டத்தின் நட்டநடுவில். இடது கண்ணில் மூக்குப் பக்கம் ஒதுங்கி, கருவட்டத்தின் விளிம்பில். கண் வெளியே திரும்பினால் புள்ளி உள்ளே விழும். மூக்குத் தண்டின் அகலமோ இமை மடிப்போ ஏற்படுத்தும் வெறும் தோற்றமயக்கம் என்றால் புள்ளிகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். ஆக, அந்த ஒரு படமே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது.

அளந்து பார்த்தது

முதல் பத்து நிமிடம் கண் நேராகவே இருந்தது. பக்கத்தில் பொம்மையைக் காட்டினால் இன்னும் ஒழுங்கு. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, தூரத்துக் கட்டடத்தின் உச்சியில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே பேச்சை வளர்த்தேன். அரை நிமிடத்துக்குள் இடது கண் வெளியே நழுவியது. அவளுக்கு அது தெரியவே இல்லை. கட்டடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

இப்படிப்பட்ட கண்ணில் இரண்டை அளக்க வேண்டும். ஒன்று கோணம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் தள்ளும் பட்டகத்தின் வலிமை ஒரு பிரிசம் டையாப்டர். கண்களை மாற்றி மாற்றி மறைத்து, கண் அசையாமல் நிற்கும்வரை பட்டகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். இவளுக்கு 6 மீட்டரில் 30, பக்கத்தில் 33 சென்டிமீட்டரில் 16. பாகைக் கணக்கில் 30 என்பது ஏறத்தாழ 17 பாகை. பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு.

இரண்டாவது கட்டுப்பாடு. விலகத் துடிக்கும் கண்ணை மூளை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது? இதற்கு 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. முதலில் 30 விநாடி சும்மா கவனிக்க வேண்டும். முழு நேரமும் விலகியே இருந்தால் 5, பாதிக்கு மேல் என்றால் 4, பாதிக்குக் கீழ் என்றால் 3. தானாக விலகவே இல்லையென்றால் ஒரு கண்ணை 10 விநாடி மறைத்துத் திறக்கிறோம். நேராக 5 விநாடிக்கு மேல் எடுத்தால் 2, ஒன்று முதல் 5 விநாடி என்றால் 1, உடனே நேரானால் 0. அன்று இவளுக்குத் தூரத்தில் 3, பக்கத்தில் 1.

என்னைக் கேட்டால் கோணத்தைவிட இந்த மதிப்பெண்தான் பெரியது. ஆனால் பெற்றோர்கள் எல்லாரும் கோணத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரு கோணம் 30 என்றால் அடுத்த முறையும் அதை ஒட்டியே இருக்கும். கட்டுப்பாடு அப்படியில்லை. காலையில் 2, பிற்பகலில் 4 என்று ஒரே நாளில் மாறும். அதனால் ஒரே வருகையில் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்கிறோம். ஒரு நாள் எடுத்த ஒரே மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு 'மோசமாகிவிட்டது, அறுவை செய்யலாம்' என்றோ 'குணமாகிவிட்டது' என்றோ சொல்வது அவசரக் குடுக்கைத்தனம்.

தூரத்தில் 30, பக்கத்தில் 16 என்ற வித்தியாசமும் ஒரு பொறி. உண்மையிலேயே பக்கத்தில் குறைவா, அல்லது பக்கத்தில் பார்க்கும்போது இரு கண்ணையும் இணைக்கும் பிடி விடாமல் இழுத்து வைத்திருக்கிறதா? ஒரு மணி நேரம் ஒரு கண்ணைப் பட்டையால் மூடி, திறந்தவுடன், இரு கண்ணும் சேர்ந்து பார்க்க இடம் கொடுக்காமல் மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். அளந்ததில் பக்கத்தில் 28. ஆக வித்தியாசம் போலி. அறுவை என்று வந்தால் எந்தத் தசையை எவ்வளவு தள்ளுவது என்பதில் இந்தத் தகவலுக்குப் பங்கு உண்டு.

ஆழப்பார்வை, அதாவது இரு கண்ணும் சேர்ந்து எது முன்னால், எது பின்னால் என்று உணரும் திறன், பக்கத்தில் 60 ஆர்க் விநாடி (எண் சிறிதானால் திறன் அதிகம்). அந்த வயதுக்கு நல்ல அளவு. தூரத்தில் மங்கல்.

பாவையை (கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளை) விரிக்கும் சொட்டு மருந்து விட்டு (கறுப்புக் கண்ணுள்ள குழந்தைகளுக்கு ஒரு சுற்று போதாது, இரண்டு, மூன்று முறை விட வேண்டும், அழுகையும் அத்தனை முறை) பவர் பார்த்ததில் இரு கண்ணிலும் கிட்டப்பார்வை: வலது -1.25, இடது -1.50. விழித்திரை, நரம்பு, லென்ஸ் எல்லாம் சுத்தம். இதைச் சும்மா சடங்குக்காகப் பார்ப்பதில்லை. கண்புரையோ விழித்திரைக் கட்டியோ ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்தால் அந்தக் கண்ணும் ஒதுங்கலாம். பாவையில் வெள்ளை ஒளி தெரிந்தாலோ, மாறுகண் திடீரென்று வந்தாலோ, கூடவே இமை தொங்கினாலோ, ஒரு பாவை மட்டும் பெரிதாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவளிடம் அப்படி எதுவும் இல்லை.

அவளுக்கு ஏன் இரண்டாகத் தெரியவில்லை

அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. வயது வந்த ஒருவருக்குக் கண் விலகினால் உலகம் உடனே இரண்டாகும், தலை சுற்றும், அன்றே கண் மருத்துவரிடம் ஓடுவார். குழந்தையின் மூளை இன்னும் வளைந்து கொடுக்கும் பருவத்தில் இருக்கிறது. கண் விலகிய கணத்தில் அந்தக் கண் அனுப்பும் படத்தின் ஒரு பகுதியை அது வாங்காமல் விட்டுவிடுகிறது. கண் நேரானதும் மறுபடி வாங்கிக்கொள்கிறது. இரண்டு நிலைக்கும் தாவுவது பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. அதனால் குழந்தை புகார் சொல்லாது. சொல்லவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்றும் ஆகாது. கண் விலகியிருக்கும் நேரத்தில் ஆழப்பார்வை இல்லை. அந்த நேரம் கூடக்கூட, இரு கண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் தேய ஆரம்பிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: தசை பலவீனத்தால் இது வருவதில்லை. கண்ணை அசைக்கும் ஆறு தசைகளும் இவளுக்கு ஒழுங்காக வேலை செய்தன. எல்லாத் திசையிலும் கண் முழுதாகத் திரும்பியது. இரு கண்ணையும் ஒரே புள்ளியில் கட்டிப்போடும் மூளையின் பிடிதான் தளர்கிறது.

நம் பகுதியில் வெளிமாறுகண் அரிதும் அல்ல. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளிடம் உள்பக்கம் திரும்பும் கண் அதிகம். ஆசியாவில் நிலைமை தலைகீழ். சிங்கப்பூரில் 6 மாதம் முதல் 6 வயது வரையான சுமார் 3,000 சீனக் குழந்தைகளைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில் மாறுகண் 0.8 விழுக்காடு. அதில் உள்பக்கம் ஒன்று என்றால் வெளிப்பக்கம் ஏழு.

முதல் இரண்டு ஆண்டு

கண்ணாடி கொடுத்தோம். கிட்டப்பார்வைக்கு முழு பவர், குறைக்காமல். தூரம் மங்கலாக இருந்தால் இரு கண்ணையும் பூட்டி வைக்க மூளைக்குத் தெளிவான படம் கிடைப்பதில்லை. இது பலன் தந்தது: நான்கு மாதத்தில் தூரக் கட்டுப்பாட்டின் சராசரி 3இலிருந்து 2க்கு வந்தது. கோணம் அப்படியே 30தான்.

இதற்கிடையில் அப்பா இணையத்தில் தேடத் தொடங்கிவிட்டார். முதலில் பென்சில் பயிற்சி: பென்சிலைக் கை நீளத்திலிருந்து மூக்கு வரை கொண்டுவந்து பார்ப்பது. தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்துச் செய்திருக்கிறார். அது வேறு நோய்க்கான மருந்து. பக்கத்தில் பார்க்கும்போது கண்கள் உள்ளே குவியத் திணறும் பிள்ளைகளுக்குக் குவிப்புப் பயிற்சி உதவும். அதிலும் 2008இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் கிளினிக்கில் முறையாகச் செய்த பயிற்சிக்கு 73 விழுக்காடு பலன், வீட்டில் பென்சிலை மட்டும் வைத்துச் செய்ததற்கு 43 விழுக்காடுதான். இவளுக்குப் பக்கத்தில் பிடி நன்றாகவே இருந்தது. தூரத்தில்தான் சிக்கல். பென்சில் அங்கே எட்டாது.

அடுத்து அவர் கொண்டுவந்தது கூடுதல் மைனஸ் பவர் கண்ணாடி. இதற்கு உண்மையில் தர்க்கம் இருக்கிறது. தேவைக்கு மேல் மைனஸ் கொடுத்தால் தெளிவாகப் பார்க்கக் கண் உள்லென்ஸை முறுக்க வேண்டும். முறுக்கும்போது கண்கள் தாமாக உள்ளே குவியும். 386 குழந்தைகளிடம் -2.50 கூடுதலாகக் கொடுத்து ஓராண்டு பார்த்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. கண்ணாடி போட்டிருந்தவரை கட்டுப்பாடு நன்றாக இருந்தது. கூடுதல் பவரைப் படிப்படியாகக் குறைத்து எடுத்ததும் அந்த நன்மை நிலைக்கவில்லை. கூடவே, ஓராண்டில் கிட்டப்பார்வை 1 டையாப்டருக்கு (இது கண்ணாடிப் பவரின் அலகு, பிரிசம் அல்ல) மேல் ஏறியவர்கள் அந்தக் குழுவில் 17 விழுக்காடு, சாதாரணக் கண்ணாடி போட்ட குழுவில் 1 விழுக்காடு. ஐந்து வயதிலேயே -1.50 உள்ள சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு, அதுவும் அப்பா அம்மா இருவருக்கும் கிட்டப்பார்வை இருக்கும் வீட்டில், இது வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது போல. வேண்டாம் என்றோம். அவளுக்கு ஏற்கெனவே கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைக்க 0.01 விழுக்காடு அட்ரோபின் சொட்டு போய்க்கொண்டிருந்தது. அந்தக் குறைந்த அளவு பிரபலமானதே 2012இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வினால்தான்.

கண் பட்டையும் ஒரு வழி. தினமும் 3 மணி நேரம் பட்டை போட்ட குழந்தைகளில் ஆறு மாதத்தில் மோசமானவர்கள் 0.6 விழுக்காடு, சும்மா கவனித்துவந்த குழுவில் 6.1 விழுக்காடு. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் சும்மா கவனித்தவர்களிலேயே பெரும்பாலோர் மோசமாகவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. சிகிச்சையில்லாத குழந்தைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தபோதும் மோசமானவர்கள் சுமார் 15 விழுக்காடுதான். இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. பட்டை வேண்டாம், கவனித்துவருவோம் என்று அவரே முடிவு செய்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள்.

ஏன் அறுவை

தொடக்கநிலை 1 சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. தூரக் கட்டுப்பாடு ஒரு வருகையில் 4, 3, 4. அடுத்ததில் 4, 5, 4. பக்கத்து ஆழப்பார்வை 60இலிருந்து 200 ஆர்க் விநாடிக்கு மோசமானது. தூரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. கண்ணாடிப் பவர் சரியாகத்தான் இருந்தது. வகுப்பில் ஒரு பையன் "நீ யாரைப் பார்க்கிறே?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து படம் எடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்றார் அம்மா.

கேலி மட்டும் காரணமாக இருந்திருந்தாலும் அறுவையைப் பற்றிப் பேசியிருப்போம். அதைச் சில்லறைக் காரணம் என்று நான் நினைப்பதில்லை. இங்கே அளவுகளும் ஒரே திசையைக் காட்டின. இரண்டு வருகையிலும் கட்டுப்பாடு சரிந்து, ஆழப்பார்வையும் கையைவிட்டுப் போகத் தொடங்கியதுதான் மருத்துவரை நகர்த்தியது.

அப்பாயி ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் அழுதாராம். "கண்ணை வெளிய எடுத்து வெட்டித் திருப்பி வைப்பாங்களாமே." இந்தப் பயம் நம்மிடம் பலருக்கும் உண்டு. கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. 1839இல் பெர்லினில் டீஃபன்பாக் மாறுகண் அறுவையை முதலில் வெற்றிகரமாகச் செய்த காலத்திலிருந்தே வேலை தசையில்தான்.

இவளுக்குச் செய்தது இரு கண்ணிலும் வெளிப்பக்கத் தசையைப் பின்னால் நகர்த்துவது. பொது மயக்க மருந்து. வெண்படலத்தில் சிறு கீறல். வளைந்த கொக்கியால் தசையைத் தூக்கிப் பிடித்து, அதன் நுனியில் தானாகக் கரையும் நூலைக் கோத்து, கண்ணிலிருந்து விடுவிக்கிறார்கள். அந்தத் தசை கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பின்னால் ஒட்டியிருக்கும். அளவுகோல் வைத்துக் குறித்து, இன்னும் 7 மில்லிமீட்டர் பின்னால் தைத்தார் மருத்துவர். 30 பிரிசத்துக்கு இரு கண்ணிலும் 7 என்பது வழக்கமான கணக்கு. தசை ஒட்டுமிடத்துக்குப் பின்னால் கண்சுவரின் தடிமன் 0.3 மில்லிமீட்டர் அளவுதான். ஊசி அந்தச் சுவருக்குள்ளேயே ஓடி வெளியே வர வேண்டும், ஊடுருவக் கூடாது. கொக்கி தசையை இழுக்கும்போது சில பிள்ளைகளுக்கு இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும். 1908இலிருந்தே தெரிந்த அனிச்சைச் செயல் இது. மயக்க மருத்துவர் சொன்னதும் இழுப்பைத் தளர்த்தினால் துடிப்பு ஏறிவிடும். இவளுக்கும் ஒருமுறை இறங்கி ஏறியது.

ஒரே கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி உள்தசையைச் சுருக்கும் முறையும் இருக்கிறது. எது மேல் என்று ஒப்பிட்ட ஆய்வில் மூன்று ஆண்டுக்குப் பிறகு திருப்தியில்லாத முடிவு முதல் முறைக்கு 46 விழுக்காடு, இரண்டாவதற்கு 37. புள்ளியியல்படி பெரிய வேறுபாடு இல்லை. பெற்றோரிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு: இரண்டு முறையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நினைத்தபடி அமையவில்லை. அறுவை என்றால் ஒரேயடியாக முடிந்தது என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த எண் கசக்கும். முன்னாலேயே கசக்கட்டும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் நாள் குறித்தார்கள். காலையில் போய் மாலையில் வீடு. பலதுறை மருந்தகம் வழியாக வந்ததால் மானியக் கட்டணம். மீதியில் ஒரு பகுதி அப்பாவின் மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கு) இருந்து.

அதற்குப் பிறகு

மறுநாள் இரு கண்ணும் செக்கச்செவேல். அளந்தால் 10 பிரிசம் உள்பக்கம். இது பிழை அல்ல. வெளிமாறுகண் மெல்ல மெல்லத் திரும்ப வெளியே நழுவும் இயல்புள்ளது. அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் உள்ளே நிற்பது நல்லது என்றே பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் மூளைக்கு இந்தத் திசை புதிது. இதற்கு அது படத்தைத் தள்ளிவிடப் பழகியிருக்கவில்லை. "அம்மா, ரெண்டு பஸ் வருது" என்றாளாம் சிறுமி. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரே பஸ் ஆனது. சிவப்பு வடிய அதைவிட நேரம் எடுத்தது. நீச்சல் வகுப்பைச் சில வாரம் நிறுத்தச் சொன்னதுதான் அவளுடைய ஒரே மனக்குறை.

ஆறாவது வாரம்: மறைத்தால் மட்டும் தெரியும் 4 பிரிசம் வெளிவிலகல், கட்டுப்பாடு 0. ஆறாவது மாதம்: பக்கத்து ஆழப்பார்வை மறுபடி 60.

ஓராண்டில்: தூரத்தில் 10 பிரிசம் வெளியே, கட்டுப்பாடு 1, 1, 2. வெயிலில் கண்ணை மூடுவது நின்றுவிட்டது. கிட்டப்பார்வை இரு கண்ணிலும் ஏறி -2.75 ஆகிவிட்டது. இனி மாறுகண்ணைவிட அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அட்ரோபினின் அளவைக் கூட்டுவது பற்றி மருத்துவர் பேசியிருக்கிறார். தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாட அனுப்பச் சொல்லியிருக்கிறோம். துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவில் அதற்கு நேரம் எங்கே என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

"திரும்ப வருதாக்கா? இன்னொரு ஆபரேஷனா?" என்றார். 10 பிரிசத்தை மூளை இவ்வளவு நன்றாகப் பிடித்து வைத்திருக்கும்போது யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். தூரத்தில் எதையாவது பார்க்கும்போது பாதி நேரம் கண் விலகியே இருந்தாலோ, பிள்ளையே இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னாலோ, அதற்கு முன்பே வரலாம்.